மானுக்காக எழுதிய வேட்டைக்காரர்

வால்ட் டிஸ்னியின் "பாம்பி" சித்திரப் படத்தில் ஒரு கட்டம். பனி மூடிய வெளியில் தாய் மானும் குட்டியும் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடுகின்றன. துப்பாக்கி வெடிக்கிறது. தாய் விழுவதைப் படம் காட்டுவதில்லை. கொட்டும் பனியில் குட்டி மட்டும் அம்மாவைத் தேடி அலைகிறது. 1942-ல் வெளிவந்த இந்தப் படத்தைப் பார்த்துக் கண் கலங்காத குழந்தை அபூர்வம். கூடப் போன பெரியவர்களும் கொட்டகை இருட்டில் கண்ணைத் துடைத்துக்கொள்வதுண்டு. டிஸ்னியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்த மான் குட்டியைப் படைத்த பெலிக்ஸ் சால்டனை அறிந்தவர்கள் சிலரே.

அவருடைய இயற்பெயர் சிக்மண்ட் சால்ஸ்மன். 1869 செப்டம்பர் 6-ந் தேதி ஹங்கேரியின் பெஸ்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1867-ல்தான் அந்த நாட்டில் யூதர்களுக்கு முழுக் குடியுரிமை கிடைத்திருந்தது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு வியன்னாவுக்குக் குடியேறிற்று. அங்கே தந்தையின் தொழில் நொடித்தது. 16-வது வயதில் பையனின் பள்ளிப்படிப்பு நின்றது. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஆபீஸ் நேரம் போக மிஞ்சிய வேளையில் கவிதையும் புத்தக விமர்சனமும் எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

எழுத்து அவரை வியன்னாவின் பிரபலமான கிரீன்ஸ்டைடில் காப்பிக் கடைக்குக் கொண்டு சேர்த்தது. ஷ்னிட்ஸ்லர், ஹாப்மன்ஸ்தால் போன்ற இளம் எழுத்தாளர்கள் கூடிய இடம் அது. முன்னவர் பெரிய டாக்டரின் மகன், பின்னவர் பாங்கு அதிகாரியின் மகன். சால்டனுக்கோ பேனாதான் சோறு போட்டது. ரோஷக்காரர். 1896-ல் இந்தக் கோஷ்டியைக் கேலி செய்து எழுதிய கார்ல் கிராஸை அதே காப்பிக் கடையில் வைத்துக் கன்னத்தில் அறைந்தவர் இவர்தான். 1901-ல் சொந்த முயற்சியில் ஒரு நாடக அரங்கைத் தொடங்கினார். சில நாட்களிலேயே அது படுத்துவிட்டது. கடன்தான் மிச்சம். நாடக விமர்சனம், நாவல், கட்டுரை, இசை நாடகத்துக்கு வசனம் என்று எது வந்தாலும் எழுதினார். 1927-ல் ஆஸ்திரிய பென் எழுத்தாளர் சங்கத்தின் தலைவரானார்.

சால்டன் ஒரு வேட்டைக்காரர் என்பதுதான் விசித்திரம். வியன்னாவுக்கு அருகே ஸ்டாக்கராவில் வேட்டைக் காடு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். மான்கள் மேயும் நேரம், பதுங்கும் புதர், மனித வாடை பட்டதும் விறைக்கும் காது, எல்லாம் அவருக்கு அங்கே கிடைத்த அறிவு. "பாம்பி" 1922-ல் வியன்னாவின் நாளிதழ் ஒன்றில் தொடராக வந்து, 1923-ல் நூலாயிற்று. 1928-ல் ஆங்கிலத்தில் வெளிவந்தபோது கால்ஸ்வொர்த்தி முன்னுரை எழுதினார். அமெரிக்காவில் அமோகமாக விற்றது.

படத்தை மட்டும் பார்த்தவர்கள் நூலைப் படித்தால் திகைத்துப் போவார்கள். துள்ளிக் குதிக்கும் தம்பர் முயல் அதில் கிடையாது. அது டிஸ்னியின் சேர்க்கை. நூலில் இருப்பது வேறு. மரத்தில் கடைசியாக ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இலைகள், விழுந்த பிறகு தங்களுக்கு என்ன ஆகும் என்று பேசிக்கொள்கின்றன. கோபோ என்ற மான் மனிதனிடம் சிக்கி, அவன் வீட்டில் செல்லமாக வளர்ந்து, கழுத்தில் பட்டையோடு காட்டுக்குத் திரும்புகிறது. மனிதன் நல்லவன் என்று நம்பி மறைந்துகொள்ளாமல் நிற்கிறது, சுடப்பட்டுச் சாகிறது. அடிபட்ட நரி, தன்னைத் துரத்திப் பிடித்த நாயை இனத் துரோகி என்று ஏசிவிட்டு மடிகிறது. இறுதியில் கிழட்டு மான், செத்துக் கிடக்கும் ஒரு மனிதனிடம் பாம்பியை அழைத்துப் போகிறது. மனிதனும் சர்வ வல்லமை உள்ளவன் அல்ல, அவனும் நம்மைப் போலச் சாகிறவனே என்று காட்டத்தான்.

வேட்டையாடப்படும் யூதர்களின் கதை இது என்று சொல்லும் ஆராய்ச்சியாளர்கள் உண்டு. அப்படி நினைத்துத்தான் எழுதினாரா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கோபோவின் கதையைப் படிக்கும்போது அந்த எண்ணம் வராமல் போகாது. 1936-ல் ஹிட்லரின் ஜெர்மனி இந்த நூலுக்குத் தடை விதித்தது.

அதற்கு முன்பே, 1933-ல், படம் எடுக்கும் உரிமையை ஹாலிவுட்டின் சிட்னி பிராங்க்ளினுக்கு வெறும் 1,000 டாலருக்கு விற்றிருந்தார். உயிருள்ள மிருகங்களை நடிக்க வைப்பது ஆகாத காரியம் என்று கண்ட பிராங்க்ளின், அதை டிஸ்னியிடம் ஒப்படைத்தார். சித்திரக்காரர்கள் பார்த்து வரைவதற்காக மான் குட்டிகளை ஸ்டுடியோவுக்கே கொண்டுவந்து வளர்த்தார்கள். காட்டின் பனிமூட்டத்துக்குத் தூரிகையால் உயிர் கொடுத்தவர் சீனாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய டைரஸ் வாங். யுத்த காலமானதால் முதலில் வசூல் சுமார்தான். தங்களைக் கொலைகாரர்களாகக் காட்டிவிட்டார்கள் என்று அமெரிக்க வேட்டைக்காரர்கள் கூச்சலிட்டார்கள். மூலக்கதையின் ஆசிரியரும் தங்கள் ஜாதிதான் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ!

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். மறு ஆண்டு, 70 வயதை நெருங்கும்போது, சால்டன் மனைவியுடன் ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். மகள் அங்கே இருந்தாள். தங்க அனுமதித்த அரசு ஒரு நிபந்தனை போட்டது: பத்திரிகைகளில் எழுதக் கூடாது. ஆயுளெல்லாம் பத்திரிகை எழுத்தால் பிழைத்தவருக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும்? புத்தகங்கள் எழுதத் தடையில்லை. மிருகக் கதைகளையே எழுதிக்கொண்டிருந்தார். "பாம்பி" படம் வெளியான 1942-ல் மனைவி காலமானார். போர் முடிந்து சில மாதங்களில், 1945 அக்டோபர் 8-ந் தேதி, ஜூரிச்சிலேயே சால்டனும் கண் மூடினார்.

கதை கோர்ட்டுக்கும் போயிற்று. 1923-ம் ஆண்டுப் பதிப்பில் உரிமை அறிவிப்பு அச்சிடப்படவில்லை. அதைக் காட்டி, நூல் யாருக்கும் சொந்தமில்லாத பொதுச் சொத்து என்று டிஸ்னி நிறுவனம் வாதாடியது. சால்டனின் வாரிசுகளிடமிருந்து உரிமை பெற்றிருந்தவர்கள் எதிர்த்து வழக்காடினார்கள். 1996-ல் அமெரிக்க அப்பீல் கோர்ட் டிஸ்னியின் வாதத்தை ஏற்க மறுத்துவிட்டது.