பல் காக்கும் கல்வியைத் தந்த டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மது

 

காலையில் பல் துலக்கும்போது உமிழ்நீரில் இரத்தம் கலந்து வருவதைக் கண்டும், வாயைக் கொப்பளித்துவிட்டுக் கடைக்குப் புறப்படுவோர் நம் திருவண்ணாமலையில் அநேகர். பல் ஆடத் தொடங்கிய பின்னரே மருத்துவர் நினைவு வருகிறது. அப்பொழுதும் அதனைப் பிடுங்கிவிடும்படியே கேட்கிறோம். பிடுங்குவதே பல் வைத்தியம் என்று பெரும்பாலோர் எண்ணியிருந்த ஒரு காலத்தில், பல்லைக் காப்பதற்கென்று தனிக்கல்வி உண்டு என இந்நாட்டில் நிலைநாட்டியவர் மர்ஹூம் டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மது அவர்கள். நம் சமுதாயத்தில் பிறந்த அப்பெரியாரை நம்மில் பலர் அறியாதிருப்பது வருத்தத்திற்குரியது.

1890-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் கிழக்கு வங்காளத்தில் பிறந்த அவர், அலிகரில் பயின்று 1908-இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே அமெரிக்கா சென்று, அயோவா பல்கலைக்கழகத்தில் 1915-இல் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் பாஸ்டன் நகரில், குழந்தைகளின் பற்களைப் பேணுவதற்கென்றே நிறுவப்பட்ட ஃபோர்சைத் மருத்துவமனையில் பணியாற்றினார். நோய் முற்றும் முன்னரே, இளம் வயதிலேயே பற்களைப் பேண வேண்டும் என்னும் நோக்குடைய இடம் அது. அங்கேயே தங்கியிருந்தால் செல்வமும் செல்வாக்கும் பெற்றிருப்பார். ஆனால் 1919-இல் தாயகம் திரும்பினார்.

திரும்பிய இடத்தில் பல் மருத்துவக் கல்லூரி என்று ஒன்றும் இல்லை. 1920-இல் கல்கத்தாவில் தாமே ஒன்றைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அதுவே. அதற்கான பணத்துக்கு அவர் கண்ட வழிதான் வியப்பிற்குரியது. நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்னும் பெயரில் ஐஸ்கிரீமும் குளிர்பானமும் விற்கும் கடையொன்றை நடத்தி, அதன் வருவாயைக் கொண்டு கல்லூரியை நடத்தினார். இனிப்பு விற்ற காசில் பல் மருத்துவம் கற்பித்த விந்தையை எண்ணிப் புன்னகைக்காதிருக்க முடியவில்லை! ஆயினும் அதன் பின்னாலிருந்த துணிவு சாதாரணமானதன்று. கல்லூரி தோற்றால் கைப்பொருளும் போகும், காலமும் போகும் என்பதை அறிந்தே அவர் அதில் இறங்கினார். அக்கல்லூரியின் தொடக்க கால மாணவர்களுள் ஒருவர் பாத்திமா ஜின்னா அம்மையார். படித்து முடித்த அவர் 1923-இல் பம்பாயில் பல் மருத்துவ நிலையம் திறந்தார்.

1925-இல் டாக்டர் அவர்கள் பல் மருத்துவ இதழொன்றைத் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதன் ஆசிரியராக இருந்தார். 1928-இல் மாணவர்களுக்கான பாடநூல் எழுதினார். தகுதியற்றோர் இத்தொழிலில் புகுவதைத் தடுக்கும் 1939-ஆம் ஆண்டின் வங்காளப் பல் மருத்துவர் சட்டம் உருவாக உழைத்தார். 1948-இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. தாம் வியர்வை சிந்தி வளர்த்த கல்லூரியை 1949-இல் மேற்கு வங்க அரசுக்கே நன்கொடையாக வழங்கிவிட்டார். பிறந்த மண் பிரிவினையில் வேறு நாடாகிவிட்ட போதிலும் கல்கத்தாவிலேயே தங்கி, 1950 முதல் 1962 வரை அம்மாநில அமைச்சராகவும் தொண்டாற்றினார். 1964-இல் பத்ம பூஷண் விருது பெற்று, 1965-இல் இறையடி சேர்ந்தார்.

அவர் மறைந்த அதே 1965-இல், ஈறு நோயின் மூலகாரணத்தை ஐயமற விளக்கிய ஆய்வொன்று டென்மார்க்கிலிருந்து வெளியாயிற்று. நலமான ஈறுகளையுடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு வீங்கிச் சிவந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் நலமடைந்தது. பல்லும் ஈறும் சேருமிடத்தில் படியும் நுண்ணுயிர்ப் படலமே நோய்க்குக் காரணம் என்பது இதனால் தெளிவாயிற்று. ஆகவே இரத்தம் கசிகிறதென்று துலக்குவதை நிறுத்துவோர் நோயை வளர்க்கின்றனர். மெல்லிய தூரிகை கொண்டு, அவ்விடத்தை மேலும் கவனமாகத் துலக்குதலே முறை.

படலத்தை அகற்றாவிடில் அது இறுகிக் காறையாகிறது. காறையைத் தூரிகை அகற்றாது. பல் மருத்துவரே அகற்ற வேண்டும். பற்களைச் சுத்தம் செய்தால் அவை ஆடத் தொடங்கும் என்றொரு அச்சம் நம் வீடுகளில் இருக்கிறது. பல்லைத் தாங்கும் எலும்பை நோய் முன்னரே அரித்திருக்க, அதனை மறைத்திருந்த காறை நீங்கியதும் உண்மை வெளிப்படுகிறது, அவ்வளவே. அங்ஙனம் கரைந்த எலும்பு தானாக மீண்டும் வளர்வதில்லை. பெரும்பாலும் வலியின்றியே இவையெல்லாம் நிகழ்வதுதான் பெருங்கேடு. சர்க்கரை நோயுடையோருக்கு ஈறு நோய் எளிதில் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையும் கட்டுப்பட மறுக்கும். புகைப்போருக்கோ இரத்தக் கசிவு குறைந்து, நோய் இருப்பதே தெரியாமற் போகும். ஒளூவின்போது மிஸ்வாக் செய்யும் சகோதரர்கள், குச்சியின் நாரைப் பற்களின் உட்புறத்திலும் ஈற்றோரத்திலும் செலுத்துதல் வேண்டும். முன்பற்களின் வெளிப்புறத்தோடு பலர் நின்றுவிடுகிறோம்.

வாயில்லா ஜீவன்களுக்கும் இந்நோய் உண்டு. நான்காண்டுகள் நாய்களைக் கண்காணித்து 1975-இல் வெளிவந்த ஆய்வில், நாள்தோறும் பல் துலக்கப்பட்டவை நலமாயிருக்க, துலக்கப்படாதவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு எலும்பு வரை நோய் சென்றிருந்தது. நம் இல்லங்களில் பூனை வளர்ப்போர் பலருண்டு. அதன் வாயில் துர்நாற்றம், எச்சில் ஒழுகல், உணவை அணுகிவிட்டு உண்ணாமல் விலகுதல் ஆகியவை காணப்படின், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். விலங்குகளுக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் காறையை முழுமையாக அகற்ற இயலும். மனிதர்களின் பற்பசையை அவற்றுக்குப் பயன்படுத்தலாகாது. அவை அதனைத் துப்பாமல் விழுங்கிவிடும். சில பற்பசைகளில் உள்ள சைலிட்டால் என்னும் இனிப்பு நாய்களுக்குக் கொடிய நஞ்சாகும்.

தமிழகத்திலும் 1953-இல் சென்னையில் அரசின் பல் மருத்துவக் கல்விப் பிரிவு தொடங்கப்பெற்று, பின்னர் தனிக்கல்லூரியாக வளர்ந்தது. சோடாக் கடை வருவாயில் பிறந்த கல்கத்தாக் கல்லூரியோ இன்று டாக்டர் ஆர். அஹ்மது பல் மருத்துவக் கல்லூரி மற்றும் மருத்துவமனை என்னும் பெயருடன் அரசு நிறுவனமாக இயங்கி வருகிறது.