செடியின் துடிப்பை அளந்த கருவிகள்: ஜகதீஷ் சந்திர போஸின் அறிவியல் போராட்டம்

செடி வளர்வதைக் கண்ணால் காண இயலாது. நொடிக்கு ஓர் அங்குலத்தின் லட்சத்தில் ஒரு பங்கு என்பதே அதன் சராசரி வேகம் என ஜகதீஷ் சந்திர போஸ் கணித்தார். அவ்வளவு நுண்மையான, மெதுவான அசைவைப் பதிவு செய்ய அக்காலத்தில் கருவி இல்லை. எனவே கருவியை அவரே உருவாக்க வேண்டியிருந்தது.

1858 நவம்பர் 30-இல் வங்காளத்தில் பிறந்த போஸ், கொல்கத்தாவிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று 1885-இல் கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியரானார். ஐரோப்பியருக்கு வழங்கப்பட்ட ஊதியம் இந்தியருக்குக் கிடையாது. தற்காலிகப் பணி என்பதால் அதிலும் பாதியே அவருக்கு நிர்ணயிக்கப்பட்டது. குடும்பம் கடனில் தவித்த நிலையிலும் மூன்று ஆண்டுகள் ஊதியத்தையே தொடாமல் அவர் பாடம் நடத்தினார். இறுதியில் நிர்வாகம் பணிந்து, முழு ஊதியத்தை முன்தேதியிட்டு வழங்கியது.

ஆய்வுக்கூட வசதியும் இல்லை. உள்ளூர்க் கைவினைஞர்களைப் பழக்கியே கருவிகளைச் செய்வித்தார். மின்காந்த அலைகளை ஆராய்ந்து புகழ்பெற்ற பின்னர், 1900-ஐ ஒட்டித் தாவரங்களின் பக்கம் திரும்பினார்.

தொட்டாற்சிணுங்கி தூண்டலுக்கு எவ்வளவு நேரத்தில் அசைகிறது என்பதை அளப்பதில் பெருந்தடை, உராய்வுதான். கரி படிந்த கண்ணாடித் தட்டில் எழுதுமுனை உரசினாலே இலையின் மெல்லிய விசை வீணாகிவிடும். போஸ் கண்ட தீர்வு எளிமையானது. எழுதுமுனையை நொடிக்கு 100 முறை அதிரச் செய்தார். முனை தட்டைத் தொட்டுத் தொட்டு விலகியதால் கோட்டுக்குப் பதில் புள்ளிகள் விழுந்தன. உராய்வு ஏறக்குறைய மறைந்தது. அடுத்தடுத்த இரு புள்ளிகளின் இடைவெளியே நொடியின் நூறில் ஒரு பங்கைக் காட்டியது. இலைகளைத் தானாகவே மெதுவாக ஆட்டும் தொழுகன்னிச் செடியும் அவரது ஆய்வுக்கூடத்தில் இடம்பெற்றது.

அடுத்து வந்தது கிரெஸ்கோகிராப். இரு நெம்புகோல்கள் வளர்ச்சியை 10,000 மடங்கு பெரிதாக்கின. காந்தத்தில் இயங்கிய பிற்காலக் கருவி ஒரு கோடி மடங்கு வரை சென்றது. வளர்ச்சி சீராக நிகழாமல் துடிப்புத் துடிப்பாக நிகழ்கிறது என்பது போஸின் முடிவு.

உடலியலாளர்கள் எளிதில் ஏற்கவில்லை. 1901-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் நிகழ்த்திய விளக்கத்துக்கே கடும் எதிர்ப்பு எழுந்தது. புதிய கருவியின் நம்பகத்தன்மையும் லண்டன் நாளேட்டில் கேள்விக்குள்ளானது. 1920 ஏப்ரலில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அறிவியலாளர்கள் முன்னிலையில் போஸ் அதை இயக்கிக் காட்டினார். 10 லட்சம் முதல் ஒரு கோடி மடங்கு வரையிலான பெருக்கத்தில் கருவி வளர்ச்சியைச் சரியாகவே பதிவு செய்கிறது என அவர்கள் சான்றளித்தனர். அதே ஆண்டில் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது.

தாவரத்துக்கும் விலங்குக்கும் உள்ள ஒற்றுமை குறித்த அவரது விளக்கங்கள் சில இன்றும் விவாதத்துக்குரியவை. தாவரங்களில் மின் சமிக்ஞைகள் பரவுகின்றன என்பதில் ஐயமில்லை.

1917-இல் கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய அவர், 1937 நவம்பர் 23-இல் கிரிடியில் காலமானார். அவரது கருவிகள் அந்நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் உள்ளன.