யார் இந்த எர்லாங்? 'நெட்வொர்க் பிஸி'க்கு கணக்கு போட்டவரின் கதை

புத்தாண்டு இரவு 12 மணிக்கு முகப்பேரில் இருந்து ஊருக்கு வாழ்த்து சொல்ல போன் போட்டால், பல நேரம் 'நெட்வொர்க் பிஸி'ன்னுதான் வரும். இப்படி எத்தனை பேருக்கு லைன் கிடைக்காமல் போகும் என்பதை 100 ஆண்டுகளுக்கு முன்பே கணக்கு போட்டவர் ஆக்னர் கிராருப் எர்லாங். பிறந்த நாளும் பொருத்தம்தான்: 1878 ஜனவரி 1.

டென்மார்க்கின் லோன்போர்க் கிராமம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் 1901-ல் கணித முதுகலை முடித்த எர்லாங், சில வருஷம் வாத்தியார் வேலை பார்த்தார். 1908-ல் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் சேர்ந்தார்.

அங்கே பெரிய சிக்கல் ஒன்று காத்திருந்தது. லைன் குறைவாகப் போட்டால் மக்கள் திட்டுவார்கள். அதிகமாகப் போட்டால் காசு வீண். அப்படியானால் எத்தனை லைன்தான் போடுவது?

1909-ல் ஒரு கட்டுரை, 1917-ல் இன்னொன்று. பதில் அவற்றில் இருந்தது. சின்ன கணக்காகவே பார்க்கலாம். ஒரு மணி நேரத்தில் சராசரியாக 20 அழைப்பு, ஒவ்வொன்றும் 3 நிமிஷம். மொத்தம் 60 நிமிஷம். அப்போ ஒரே லைன் போதுமே? போதாது! அழைப்புகள் வரிசையில் நின்று வருவதில்லையே. எர்லாங் சூத்திரப்படி ஒரு லைன் இருந்தால் பாதி அழைப்புகள் தோற்கும். 2 லைன் என்றால் 20 சதவீதம், 3 என்றால் 6.25, 4 என்றால் சுமார் 1.5 சதவீதம். ஐந்தாவது லைனுக்கு செலவு செய்யலாமா என்பதை இதை வைத்து கம்பெனி முடிவு செய்யலாம்.

பிரிட்டிஷ் தபால் துறையும் இந்தச் சூத்திரத்தை எடுத்துக்கொண்டது. இத்தனைக்கும் அவர் அறைக்குள்ளேயே இருந்த ஆள் இல்லை. கேபிள்களில் மின்கசிவை அளக்க, ஏணி தூக்கும் ஒரு தொழிலாளியோடு தெரு மேன்ஹோல்களில் தானே இறங்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

1929 பிப்ரவரி 3-ல், வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் 51 வயதில் காலமானார். 1946-ல் தொலைபேசி நெரிசலை அளக்கும் அலகுக்கு 'எர்லாங்' என்றே பெயர் வைத்தார்கள்.

ஆனால் இன்டர்நெட் அவர் கணக்குக்கு முழுசா அடங்கவில்லை. டேட்டா திடீர் திடீரென மொத்தமாகப் பாயும் என்பதை 1994-ல் வெளியான ஈதர்நெட் அளவீடுகள் காட்டின. அதனால்தான் இன்று என்எஸ்-3 போன்ற சிமுலேஷன் மென்பொருளில் நெட்வொர்க்கை ஓட்டிப் பார்க்கிறார்கள். குரல் அழைப்புக்கு எத்தனை சேனல் வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் இன்னமும் எர்லாங் சூத்திரம்தான்.