தொட்டாற்சுருங்கியின் பக்கத்தில்

கிள்ளானில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு திடல் உண்டு. தமிழ்ப்பள்ளி விட்டதும் அங்கே ஓடிப்போய்த் தொட்டாற்சுருங்கியைத் தேடுவோம். தொட்டால் இலை கூம்பும், சிரிப்போம், அடுத்த செடிக்குத் தாவுவோம். கூம்பிய இலை பிறகு என்ன ஆனது என்று நின்று பார்த்தவர் எங்களில் யாருமில்லை.

அப்படி நின்று பார்த்தவர் விஞ்ஞானி ஜெகதீஷ் சந்திர போஸ்.

1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், இன்றைய வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் அவர் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசாங்க அதிகாரி. வசதி படைத்தோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதிய காலம் அது. அவரோ மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே ஒரு பக்கம் தந்தையின் பணியாளர் மகன். மறுபக்கம் மீனவர் மகன். பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிர்கள் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே தமக்கு இயற்கையின்பால் ஆர்வத்தை ஊட்டியதாகப் பின்னாளில் போஸ் நினைவுகூர்ந்தார்.

இதைப் படித்தபோது என் புகுமுக வகுப்பு நாள்கள் நினைவுக்கு வந்தன. இடைநிலைப்பள்ளியில் என் மலாய் உச்சரிப்பைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். அன்று சுருங்கியவன், வகுப்பில் மீண்டும் கையை உயர்த்தப் பல மாதங்களாயின. தமிழ்ப்பள்ளியில் படித்ததுதான் என் குறை என்று அப்போது நம்பினேன்.

போஸுக்கும் சோதனைகள் இருந்தன. கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பி, 1885-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். ஐரோப்பியருக்குத் தரும் சம்பளம் இந்தியருக்கு இல்லை என்றார்கள். மூன்று ஆண்டுகள் சம்பளமே வாங்காமல் அவர் பாடம் நடத்தினார். இறுதியில் முழுச் சம்பளமும் பாக்கியோடு வந்து சேர்ந்தது.

வானொலி அலைகளை ஆராய்ந்த அவர், பின்னர் தொட்டாற்சுருங்கி, தொழுகண்ணி போன்ற செடிகளின் பக்கம் திரும்பினார். கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியை உருவாக்கினார். செடிகளுக்கும் நம்மைப்போல் உணர்வுண்டு என்ற கருத்தை இன்றைய அறிவியலாளர் பலர் ஏற்பதில்லை. ஆனால் செடிக்குள் மின்சமிக்ஞைகள் பயணிக்கின்றன என்பது உறுதியாகியுள்ளது. 1917-இல் போஸ் ஆய்வு நிலையத்தை நிறுவிய அவர், 1937 நவம்பர் 23-இல் மறைந்தார்.

சென்ற விடுமுறையில், அடுத்த ஆண்டு இடைநிலைப்பள்ளிக்குச் செல்லவிருக்கும் என் தங்கையைத் திடலுக்கு அழைத்துச் சென்றேன். அவள் ஓர் இலையைத் தொட்டாள். இந்த முறை நாங்கள் நகரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி அமர்ந்தோம். காம்பின் அடியில் உள்ள புடைப்பில் ஒரு பக்கத்திலிருந்து நீர் வெளியேறுவதால் இலை சாய்கிறது. நீர் திரும்பினால் நிமிர்கிறது என்று அவளுக்கு விளக்கினேன். ஏறக்குறைய கால் மணி நேரத்தில் இலைகள் மெல்ல விரிந்தன. யாரும் அவற்றைப் பிரித்துவிடவில்லை.

சுருங்குவது குறையன்று என்பதை எனக்குப் பதின்மூன்று வயதில் யாரும் சொல்லவில்லை. தங்கைக்கும் நான் சொல்லவில்லை. அவளே பார்த்துக்கொண்டாள்.