பாம்புக்கடிக்கு மருந்து கண்ட ஆல்பர்ட் கால்மெட்



நம் சுவர் இதழில் விஞ்ஞானி வரலாறு என்றாலே எடிசன், சர் சி.வி.ராமன், அப்துல் கலாம் ஐயா இவர்களைப் பற்றித்தான் வரும். நான் எழுதப் போகிறவரை நம்மில் பாதிப்பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். எனக்கும் போன ஐப்பசி வரைக்கும் தெரியாது.

ஐப்பசியில் எங்க சித்தப்பாவைக் கடலைக்காட்டில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. முதலில் மந்திரிக்கிறவரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வேப்பிலை அடித்து முடிப்பதற்குள் முழங்கால் வரை வீங்கி, பல் ஈறில் ரத்தம் வந்துவிட்டது. அப்புறம்தான் 108க்குப் போன் பண்ணினார்கள். ஆஸ்பத்திரியில் பத்து பாட்டில் மருந்தை சலைனில் கலந்து ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். குலசாமி காப்பாத்துச்சு என்று அப்பத்தா அழுதது. அங்கிருந்த நர்ஸ் அக்கா, குதிரையும் சேர்ந்துதான் காப்பாத்துச்சு என்று சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அப்போது அவர் சொன்ன பெயர்தான் ஆல்பர்ட் கால்மெட்.

இவர் 1863ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் தேதி பிரான்ஸ் நாட்டில் நீஸ் என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயதில் கப்பலில் போகத்தான் ஆசை. டைபாய்டு காய்ச்சல் வந்து உடம்பு கெட்டதால் அது முடியாமல் போனது. ஆனாலும் ஆசையை விடவில்லை. டாக்டருக்குப் படித்து கடற்படை மருத்துவராகக் கப்பல் ஏறிவிட்டார்! சீனா பக்கம், ஆப்பிரிக்கா எல்லாம் சுற்றினார். பிறகு பாரிஸில் லூயி பாஸ்டரின் நிறுவனத்தில் கிருமிகளைப் பற்றிப் படித்தார். 1891இல் அவரை வியட்நாமில் உள்ள சைகோன் நகருக்கு அனுப்பினார்கள். அங்கே பெரியம்மைக்கும் வெறிநாய்க்கடிக்கும் தடுப்பு மருந்து தயாரிக்கும் நிலையத்தைத் தொடங்கி நடத்தினார்.

அந்த வருடம் அக்டோபரில் பேய்மழை. பாக்லியு என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் வெள்ளத்துக்குப் பயந்த நாகப்பாம்புகள் கூட்டமாகக் குடிசைகளுக்குள் புகுந்துவிட்டன. 40 பேரைக் கடித்ததில் 4 பேர் இறந்துபோனார்கள். அந்த ஊர்ப் பாம்பாட்டி ஒருவர் 19 பாம்புகளை உயிரோடு பிடித்து ஒரு பீப்பாயில் போட்டு மூடினார். அந்தப் பீப்பாய் அப்படியே கால்மெட்டுக்கு அனுப்பப்பட்டது. வேறு யாராவது என்றால் பாம்புகளை அடித்துக் கொன்றிருப்பார்கள். இவர் விஷத்தை எடுத்து ஆராய்ச்சியைத் தொடங்கினார். எனக்கு அந்தப் பாம்பாட்டியையும் பாராட்டத் தோன்றுகிறது. அவர் இல்லை என்றால் பீப்பாய் ஏது?

முதலில் தங்கக் குளோரைடு போன்ற ரசாயனங்களைக் கொண்டு விஷத்தை முறிக்கப் பார்த்தார். சரியாக வரவில்லை. 1893இல் உடல்நிலை கெட்டு பிரான்சுக்குத் திரும்பினார். அங்கே வேறு வழியில் போனார். ஒரு மிருகத்துக்கு மிகமிகக் கொஞ்சமாக விஷத்தை ஊசி போட்டு, நாள் செல்லச் செல்ல அளவைக் கூட்டினார். விஷத்தை எதிர்க்கும் பொருளை அதன் ரத்தமே தயாரித்துக்கொள்ளும். அந்த ரத்தத்தில் தெளிந்து வரும் நீர்தான் சீரம். அதைக் கடிபட்டவருக்கு ஏற்றினால் விஷம் முறியும். 1894இல் இதை உலகத்துக்குச் சொன்னார். அதே மாதத்தில் பாரிஸில் பிசாலி, பெர்த்ரான் என்ற இருவரும் இதையே வேறு பாம்பின் விஷத்தில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். முயலில் ஆரம்பித்த கால்மெட் பிறகு குதிரையில் நிறையத் தயாரித்தார். நர்ஸ் அக்கா சொன்ன குதிரை இதுதான். குதிரையைக் கொல்வதில்லை, ரத்தம் மட்டும் எடுப்பார்கள்.

இங்கே ஒரு தப்பும் நடந்தது. தன்னுடைய நாகப்பாம்புச் சீரம் எல்லாப் பாம்புக்கும் கேட்கும் என்று கால்மெட் நம்பினார். பிரேசிலில் வைட்டல் பிரேசில் என்ற டாக்டர் (அவர் பெயரே அதுதான்!) சோதித்துப் பார்த்தார். அந்த நாட்டுப் பாம்புகளின் விஷத்தை அது முறிக்கவில்லை. இந்தியாவில் ஜார்ஜ் லாம்ப் என்பவரும் அது கண்ணாடி விரியனுக்குக் கேட்காது என்று கண்டுபிடித்தார். அவர்கள் சோதிக்காமல் விட்டிருந்தால் எங்க சித்தப்பா கதி என்ன என்று நினைத்தாலே பக்கென்று இருக்கிறது. இன்று நம் நாட்டு மருந்தை நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்தையும் சேர்த்துத்தான் தயாரிக்கிறார்கள். அதற்கான விஷத்தை வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது.

கால்மெட் 1895 முதல் லீல் என்ற நகரத்து ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக இருந்தார். முதல் உலகப்போரில் ஜெர்மன் படை அந்த ஊரைப் பிடித்தது. அவர் மனைவியைக்கூடப் பிணைக்கைதியாகக் கொண்டுபோனார்கள். அப்படியும் அவரும் காமில் குரின் என்பவரும் ஒரு வேலையை விடவே இல்லை. மாட்டுக்கு வரும் காசநோய்க் கிருமியை உருளைக்கிழங்கில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 13 வருடம், 230 தடவை! 1921இல் முதல் குழந்தைக்கு அந்தத் தடுப்பு மருந்தைக் கொடுத்தார்கள். அதுதான் பி.சி.ஜி. அதில் சி என்பது கால்மெட், ஜி என்பது குரின். உங்கள் இடது தோளில் தழும்பு இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

1930இல் ஜெர்மனியில் லூபெக் நகரில் இந்த மருந்து கொடுத்த குழந்தைகளில் 70க்கும் மேற்பட்டவர்கள் இறந்துவிட்டார்கள். அந்த ஊர் ஆய்வகத்தில் வீரியமுள்ள கிருமி கலந்ததுதான் காரணம், மருந்தின் மேல் குற்றம் இல்லை என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. ஆனாலும் கால்மெட் மனம் உடைந்துபோனார். 1933 அக்டோபர் 29இல் பாரிஸில் காலமானார்.

2025இல் கம்ப்யூட்டரில் வடிவமைத்த புரதத்தால் நாகப்பாம்பு வகை விஷத்தை எலிகளில் தடுத்துக் காட்டியிருக்கிறார்களாம். அது ஆஸ்பத்திரிக்கு வரும்வரை நமக்குக் குதிரைதான்.

சித்தப்பா இப்போது பூட்ஸ் போட்டுக்கொண்டு டார்ச் லைட்டோடு காட்டுக்குப் போகிறார். அவர் தோளிலும் அந்தத் தழும்பு இருக்கிறது. இரண்டு மருந்தும் ஒரே ஆள் வேலைதான் என்று அப்பத்தாவிடம் சொன்னேன். பேரைக் கேட்டுக்கொண்டது. வாயில்தான் நுழையவில்லை. காலுமட்டை என்கிறது.