கணக்கில் வராத பரிவு

எர்னெஸ்ட் ஹெமிங்வே என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது துப்பாக்கியும் தூண்டிலும் ஏந்திய, தாடி வைத்த ஒரு முரட்டு மனிதரின் உருவம். முதல் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் காயம்பட்டவர். ஸ்பெயினின் காளைச் சண்டைகளைத் தேடித் தேடிச் சென்று பார்த்தவர். ஆப்பிரிக்காவில் சிங்கத்தையும் காட்டெருமையையும் வேட்டையாடியவர். 'கிழவனும் கடலும்' என்ற குறுநாவலால் உலகப் புகழ் பெற்று, 1954-ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர்.

இந்தச் சித்திரம் பொய்யன்று, முழுமையானதும் அன்று. அவர் வேறெங்கும் வாழ்ந்திராத அளவு நீண்ட காலம், 1939 முதல் 1960 வரை, கியூபா நாட்டின் ஒரு சிற்றூர்ப் பண்ணை வீட்டில் வாழ்ந்தார். அந்த வீட்டில் அவரோடு வாழ்ந்தவை ஏராளமான பூனைகளும் சில நாய்களும்.

பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு, ஹெமிங்வேயின் புதினங்களைக் காட்டிலும் அவருடைய கடிதங்களில் ஈடுபாடு மிகுதி. வரி, விவாகரத்தான மனைவிக்குத் தர வேண்டிய தொகை, வீட்டுச் செலவு, பிடித்த மீனின் எடை என்று ஒரு குடும்பத் தலைவரின் கவலைகள் அவற்றில் நிறைந்திருக்கின்றன. அவற்றுக்கிடையே பூனைகளின் நலச் செய்திகளும் வருகின்றன. அதுவும் உறவினரைப் பற்றி எழுதுவதுபோல, பெயர் சொல்லி.

ஹவானா நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சான் ஃபிரான்சிஸ்கோ டி பவுலா என்ற சிற்றூர். அங்கே ஒரு மேட்டின் மீது, 1886-இல் கட்டப்பட்ட பழைய வீடு ஒன்று இருந்தது. அதற்கு 'ஃபிங்கா விஹியா' என்று பெயர். காவல் மேட்டுப் பண்ணை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். நகரத்து விடுதி அறையில் தங்கி எழுதிக் கொண்டிருந்த ஹெமிங்வேக்காக இந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தவர் பத்திரிகையாளர் மார்த்தா கெல்ஹார்ன். பாழடைந்து கிடந்த வீட்டைச் செப்பனிட்டவரும் அவரே. 1940-இல் இருவரும் மணம் புரிந்து கொண்டனர்; அவ்வாண்டின் இறுதியில் ஹெமிங்வே பண்ணையை விலைக்கு வாங்கினார்.

ஏறத்தாழ 15 ஏக்கர் நிலம், வாசலில் ஒரு பெரிய இலவ மரம், பல வகை மாமரங்கள், காய்கறித் தோட்டம், கறவை மாடுகள். ஹெமிங்வே விடியலில் எழுந்துவிடுவார். படுக்கையறையில் புத்தக அலமாரியின் மேல் தட்டச்சுப் பொறியை வைத்து, நின்றபடியே எழுதுவார். அன்றன்று எழுதிய சொற்களை எண்ணிக் குறித்து வைப்பார். வெயில் ஏறியதும் எழுத்தை நிறுத்திவிட்டு நீந்தப் போவார். இந்த ஒழுங்கான காலைப்பொழுதில் அவருடைய காலடியிலும் கட்டிலிலும் புத்தக அடுக்குகளிலும் பூனைகள் கிடந்தன. பிற்காலத்தில், அமெரிக்காவின் ஐடஹோ மலைப்பகுதியில் தம்மைத் தேடி வந்து ஒட்டிக்கொண்ட ஒரு நாயையும் அவர் கியூபாவுக்குக் கொண்டுவந்தார். பிளாக் டாக் என்ற அந்தக் கறுப்பு நாய், அவர் எழுதும் நேரமெல்லாம் காலருகே படுத்திருக்கும். ஹவானா தெருவிலிருந்து வந்து சேர்ந்த நெக்ரிட்டா என்ற நாயும் இருந்தது.

பூனைக் கூட்டம் ஒரே நாளில் உருவானதன்று. முதலில் வந்தவற்றுள் ஒன்று, மீனவச் சிற்றூரான கொஹிமாரில் கிடைத்த போய்ஸி என்ற ஆண் குட்டி. அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றின் பெயரை அதற்கு வைத்தார். மற்றொன்று, பிரின்சஸா என்ற பாரசீக இனப் பெண் பூனை. பிறகு வில்லி, ஃபிரெண்ட்லெஸ் என்று ஒவ்வொன்றாக வந்தன; குட்டிகள் ஈன்றன; குட்டிகளும் ஈன்றன. சில ஆண்டுகளில் எண்ணிக்கை இருபதைத் தாண்டியது.

இது எப்படி நிகழ்ந்தது என்பதைப் பொருளியல் எளிதாக விளக்கும். இறுதிநிலைச் செலவு என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்போம். ஏற்கெனவே பத்துப் பூனைகள் உள்ள வீட்டில் பதினோராவது பூனைக்கு ஆகும் கூடுதல் செலவு மிகக் குறைவு. மாடு கறக்கிறது, கடலிலிருந்து மீன் வருகிறது, சமைக்க ஆள் இருக்கிறது. ஆகவே, மெலிந்த குட்டி ஒன்று வாசலில் வந்து நின்றால் வேண்டாம் என்று விரட்டக் காரணமே இல்லை. ஹெமிங்வே ஒவ்வொரு முறையும் அந்த ஒரு குட்டியை மட்டுமே பார்த்தார்.

மார்த்தா பார்த்தது மொத்தச் செலவை. வீடெங்கும் நாற்றம், அழுக்கு, கிழிந்த துணிகள், தமக்குள்ளேயே இனம் பெருக்கிக்கொண்டே போகும் ஒரு கூட்டம். தூய்மையில் மிகுந்த நாட்டம் கொண்டவர் அவர். ஹெமிங்வே வெளியே சென்றிருந்த வேளையில் ஆண் பூனைகளுக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்வித்துவிட்டார். திரும்பி வந்த ஹெமிங்வே கடுஞ்சினம் கொண்டார்; நெடுங்காலம் அதை மறக்கவில்லை.

பெரும்பாலான வரலாற்று நூல்கள் இந்நிகழ்ச்சியை, முறிந்து கொண்டிருந்த ஒரு திருமணத்தின் அறிகுறியாக மட்டும் சொல்லிச் செல்கின்றன. நான் இதில் இருவகைக் கணக்குகளின் மோதலையும் காண்கிறேன். இன்றைய விலங்கு நல அறிஞர்கள் மார்த்தாவின் பக்கமே நிற்பார்கள். பெருகும் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தாத அன்பு, இறுதியில் அந்த விலங்குகளுக்கே துன்பமாக முடியும். ஆனால், வீட்டில் உள்ள மற்றவரைக் கேளாமல் எடுத்த முடிவு, எவ்வளவு அறிவார்ந்ததாக இருந்தாலும், புண்ணாகவே எஞ்சுகிறது.

1943 இலையுதிர்காலத்தில் போர்ச் செய்தி சேகரிக்க மார்த்தா ஐரோப்பாவுக்குச் சென்றுவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுவதும் ஹெமிங்வே பண்ணையில் தனித்திருந்தார். பெரிய வீடு, எழுத்து நகரவில்லை, குடி அதிகமாயிற்று. இரவில் போய்ஸியும் மற்றவையும்தான் துணை. அவர் இறந்த பின், 1970-இல் வெளியான புதினத்தில், கியூபாவில் தனித்து வாழும் ஓர் ஓவியனுக்கு உற்ற துணையாகப் போய்ஸி என்ற பூனையே வருகிறது. பெயரைக்கூட மாற்றவில்லை.

மார்த்தாவுடனான மண உறவு 1945-இல் முடிவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு அவர் மணந்த மேரி வெல்ஷும் பத்திரிகையாளரே. இவர் வேறு வழி கண்டார். 1947-இல் வீட்டை ஒட்டி ஓர் உயரமான கோபுரம் எழுப்பினார்; உச்சியில் கணவர் எழுதுவதற்கு அறை, கீழே பூனைகளுக்குத் தனி அறை. பூனைகள் புதிய இடத்துக்குப் போயின, எழுத்தாளர் போகவில்லை. வீட்டின் ஓசைகள் கேட்காத தனிமை அவருக்குப் பிடிக்கவில்லை. சில நாள்களிலேயே பழைய படுக்கையறைக்கும் அலமாரிக்கும் திரும்பிவிட்டார். 'கிழவனும் கடலும்' 1951-இன் தொடக்கத்தில் எழுதப்பட்டது அந்த வீட்டில்தான்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. இத்தனை உயிர்களுக்கும் நாள்தோறும் உணவிட்டு, தரையைத் துடைத்து, நோயுற்றவற்றைக் கவனித்தவர்கள் யார்? வீட்டில் சமையற்காரர், தோட்டக்காரர், ஓட்டுநர் எனப் பல பணியாளர்கள் இருந்தனர். அவர்களுள் ரெனே வில்லாரியல் குறிப்பிடத்தக்கவர். ஊர்ச் சிறுவர்களைச் சேர்த்து ஹெமிங்வே அமைத்த பேஸ்பால் அணியில் ஆடிய இவர், பதின்ம வயதிலேயே அந்த வீட்டின் பொறுப்பாளரானார். ஹெமிங்வே மாதக்கணக்கில் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருந்தபோது பண்ணை அவருடைய கையில்தான் இருந்தது.

ஒருவர் தம் வீட்டுப் பணிப்பெண்ணையே மணந்துகொண்டால் நாட்டு வருமானம் குறைந்துவிடும் என்று பொருளியல் அறிஞர் பிகு சுட்டிக் காட்டியதை மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. அதே வேலைதான், கூலி நின்றதும் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. ஃபிங்கா விஹியாவில் இரு வகையும் இருந்தன. ரெனேயின் உழைப்புக்குச் சம்பளம் உண்டு. அது நாட்டு வருமானத்தில் சேரும். மேரி பூனைகளைப் பேணியதும், ஹெமிங்வே தம் தட்டிலிருந்து போய்ஸிக்கு ஊட்டியதும் எந்தக் கணக்கிலும் சேராது. இலக்கிய வரலாறு இதற்கு நேர்மாறாகக் கணக்கு எழுதுகிறது. அது ஹெமிங்வேயின் பூனைப் பாசத்தைப் பதிவு செய்கிறது. தரையைத் துடைத்தவரின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியுள்ளது.

அவருடைய பரிவில் முரண்பாடு இல்லாமலில்லை. அதே பண்ணையில் அவர் சண்டைச் சேவல்களை வளர்த்தார். பொழுதுபோக்காகப் புறாக்களைச் சுட்டார். வீட்டுச் சுவர்களில், அவர் வேட்டையாடிய மான்களின் தலைகள் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. அவற்றின் கீழேதான் பூனைகள் உறங்கின. பெயர் சூட்டிய உயிருக்கு ஒரு நீதி, பெயரில்லாத உயிருக்கு ஒரு நீதி. இதை அவருடைய குறையாக மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. நம் வீடுகளிலும் பெரும்பாலும் இதுவே நடைமுறை.

1953 பிப்ரவரியில் இந்த இரண்டு உலகங்களும் ஒரு கணம் ஒன்றாயின. 11 ஆண்டுகள் உடன் வாழ்ந்த வில்லி, ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டும் முறிந்த நிலையில் தன்னை இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது. பிழைக்க வழியில்லை என்று கண்ட ஹெமிங்வே, அந்தப் பொறுப்பை வேறெவரிடமும் விடாமல், தாமே சுட்டு அதன் துன்பத்தை முடித்தார். அந்த வேளை பார்த்து, புகழ்பெற்ற எழுத்தாளரைக் காண முன்னறிவிப்பின்றிச் சுற்றுலாப் பயணிகள் வந்து சேர்ந்தனர். நிலைமையைச் சொல்லியும் அவர்களில் ஒருவர் அவருடைய கண்ணீரை எள்ளி நகையாடினார். இத்தாலிய நண்பருக்கு அவர் எழுதிய கடிதத்திலிருந்து இவை தெரிய வருகின்றன. வாழ்நாளெல்லாம் துப்பாக்கியோடு திரிந்தவர், பழக்கப்பட்ட ஓர் உயிரைக் கொன்றபோது நிலைகுலைந்து போனார்.

அடுத்த ஆண்டு ஆப்பிரிக்காவில் அடுத்தடுத்து நேர்ந்த இரண்டு விமான விபத்துகள் அவருடைய உடலை முறித்தன. நோபல் பரிசு விழாவுக்கே அவரால் செல்ல இயலவில்லை. கியூபாவில் புரட்சி வென்றது 1959-இல். 1960 ஜூலையில் கியூபாவை விட்டுப் புறப்பட்ட ஹெமிங்வே, திரும்பி வரவே இல்லை. உடல் நோயோடு மனநோயும் முற்றியது. 1961 ஜனவரியில் அமெரிக்காவும் கியூபாவும் தூதரக உறவை முறித்துக்கொண்டன. அதே ஆண்டு ஜூலை 2-ஆம் நாள், ஐடஹோவில் கெட்சம் என்னும் ஊரிலுள்ள தம் வீட்டில் அவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 61.

சில வாரங்களில் மேரி கியூபா சென்று கையெழுத்துப் படிகளையும் ஓவியங்களையும் எடுத்து வந்தார். வீடும், ஏறத்தாழ 9,000 நூல்களும் கியூப அரசின் பொறுப்புக்கு வந்தன. 1962-இல் அது அருங்காட்சியகமானது. பார்வையாளர்கள் உள்ளே செல்ல முடியாது. சன்னல் வழியே பார்க்கலாம். நீச்சல் குளத்தருகே பிளாக், நெக்ரிட்டா, லிண்டா, நெரோன் என்ற நான்கு நாய்களின் சிறு கல்லறைகள் உள்ளன.

அமெரிக்காவின் கீ வெஸ்ட் தீவில் அவர் 1930-களில் வாழ்ந்த இன்னொரு வீடும் அருங்காட்சியகமாக உள்ளது. அங்கே ஆறு விரல் பூனைகள் பல திரிகின்றன. அவற்றைக் காணவே பயணிகள் கட்டணம் செலுத்துகின்றனர். அவை ஹெமிங்வேயின் பூனை வழி வந்தவை என்று சொல்லப்படுவதை அவருடைய குடும்பத்தினர் சிலர் ஏற்பதில்லை. கட்டணம் வாங்கிக் காட்சிக்கு வைப்பதால் அந்தப் பூனைகள் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைத் தொடுகின்றன என்றும், ஆகவே மத்திய அரசின் விலங்கு நலச் சட்டம் அவற்றுக்கும் பொருந்தும் என்றும் 2012-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கியூபாவில் வெறும் செலவாக இருந்தவை, கீ வெஸ்டில் வருவாயாகிவிட்டன. செலவாக இருந்தபோது அவற்றைக் காத்தது ஒரு மனிதரின் விருப்பம் மட்டுமே. வருவாயானபோதுதான் சட்டம் துணைக்கு வந்தது.

ஒரு பூனை 15 ஆண்டுகள் வாழக்கூடும். நாயும் 12 ஆண்டுகளுக்குக் குறையாமல் வாழலாம். அறுபதைக் கடந்த என் போன்றோர் பலர் ஓய்வுக்குப் பின் ஊர்ப்புறத்தில் ஒரு வீடும் நாலு உயிர்களும் என்று ஆசைப்படுகிறோம். ஹெமிங்வே கியூபாவை விட்டுப் புறப்பட்ட நாளில், அதுவே கடைசிப் பயணம் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார். அன்றும் பண்ணையில் மாலை உணவுக்காகப் பூனைகள் காத்திருந்தன. உணவு வைக்க அங்கே ரெனேயும் மற்றப் பணியாளர்களும் இருந்தனர்.

வாசலில் வந்து நிற்கும் குட்டிக்கு ஒரு கிண்ணம் பால் ஊற்ற நல்ல மனம் போதும். நாம் இல்லாத நாளில் அந்தக் கிண்ணத்தை நிரப்பப்போவது யார் என்று முன்கூட்டியே கேட்டு, அவருடைய ஒப்புதலையும் பெற்று, அதற்கு வேண்டிய பணத்தையும் ஒதுக்கி வைப்பவரே, அந்த உயிரை உண்மையில் வளர்ப்பவர்.