சதீஷ் தவான்: வீணாகாத வருஷங்கள்

இரண்டு வருஷம் இயற்பியல் படிச்சிட்டு நான் பொறியியலுக்கு மாறினப்ப, காலம் வீணாப் போச்சேன்னு வீட்டில் எல்லாருக்கும் வருத்தம். எனக்கும்தான். அப்போதுதான் சதீஷ் தவானைப் பற்றி வாசித்தேன்.

1920இல் ஸ்ரீநகரில் பிறந்தவர். லாகூரில் முதலில் கணிதமும் இயற்பியலும் படித்தார். பிறகு ஆங்கில இலக்கியத்தில் முதுகலை. அதுக்கப்புறம்தான், 1945இல், இயந்திரப் பொறியியல் பட்டம்! அமெரிக்காவில் விமானப் பொறியியல் படித்து, 1951இல் முனைவரானார். பெங்களூரு திரும்பி, ஒலியை மிஞ்சும் வேகத்தில் காற்றைச் செலுத்திச் சோதிக்கும் சுரங்கத்தை அமைத்தார்.

1972இல் இஸ்ரோ தலைவரானார். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்எல்வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் நம்ம அப்துல் கலாம். ஆனால் நிருபர்கள் முன்னால் பொறுப்பை ஏற்றவர் தவான். 1980 ஜூலை 18இல் வெற்றி கிடைத்தபோதோ, பேசச் சொல்லிக் கலாமை அனுப்பினார். கலாமும் திருச்சியில் இயற்பியல் படித்துவிட்டுப் பொறியியலுக்கு வந்தவர்தான்!

2002இல் தவான் மறைந்தார். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

காற்றின் ஓட்டத்தைக் கணக்கிட, முதலில் படித்த கணிதமும் இயற்பியலும்தான் அடிப்படை. ஃபுளுயிட் மெக்கானிக்ஸ் வகுப்பில் இப்போ எனக்கும் அது புரியுது. அந்த இரண்டு வருஷத்தை நினைச்சு நான் வருத்தப்படுறதில்லை.